அந்த வருஷங்கள் கணக்கில் வருமா?

கும்பகோணத்திலும் தஞ்சாவூரிலும் வெளிநாட்டுக்கு ஆள் அனுப்பும் அலுவலகங்கள் புதிதல்ல. சிங்கப்பூர், மலேசியா, துபாய், கத்தார் என்று பலகை வைத்திருந்த இடங்களில் இப்போது போர்த்துகல், ஸ்பெயின், குரோஷியா, எஸ்டோனியா என்ற பெயர்களும் ஏறியிருக்கின்றன. அவர்கள் விற்பது டிஜிட்டல் நோமேட் விசா. கையில் லேப்டாப் இருக்க வேண்டும், சம்பளம் வேறொரு நாட்டிலிருந்து வர வேண்டும். போகிற நாட்டில் வேலை தேட வேண்டாம், முதலாளி வேண்டாம். போய் உட்கார்ந்து பார்க்கிற வேலையையே பார்க்கலாம் என்கிறார்கள். இதுவரை சொல்வது உண்மைதான். அடுத்த வரியில்தான் எனக்குச் சண்டை. "அஞ்சு வருஷம் இருந்தா பி.ஆர்., அப்புறம் பாஸ்போர்ட்" என்று அதையும் சேர்த்தே விற்கிறார்கள். பி.ஆர். என்றால் நிரந்தரக் குடியிருப்பு உரிமை.

என் சின்னம்மா மகன் நீடாமங்கலம் பக்கத்தில் வீட்டிலிருந்தே ஓர் அமெரிக்க நிறுவனத்துக்கு இணையதள வடிவமைப்பு செய்கிறான். நானும் மன்னார்குடியில் இருந்தபடி ஐரோப்பிய நிறுவனம் ஒன்றுக்கு வேலை பார்க்கிறவன் என்பதால் இந்த விதிகளையெல்லாம் எனக்காகவே ஒரு காலத்தில் உட்கார்ந்து படித்திருக்கிறேன். அது தெரிந்துதான் அவன் ஒரு தாளை எடுத்துக்கொண்டு வந்தான். வழவழப்பான தாள். நீலக் கடல், சிவப்பு ஓட்டு வீடுகள், குரோஷியக் கொடி. கீழே கொட்டை எழுத்தில் "ஐரோப்பாவில் நிரந்தரமாகக் குடியேற முதல் படி". கட்டணம் மூன்றரை லட்சம், இரண்டு தவணை. "அண்ணே, பாதியை வெள்ளிக்கிழமைக்குள்ள கட்டச் சொல்றாங்க. நீங்க ஒரு தடவை பார்த்துட்டுச் சொல்லுங்க" என்றான்.

குரோஷியா இந்த அனுமதியை 2021 ஜனவரியில் தொடங்கியது. அப்போது ஒரு வருஷம், இப்போது அதிகபட்சம் 18 மாதம். முடிந்தால் கிளம்ப வேண்டும். மறுபடி விண்ணப்பிக்க ஆறு மாதம் இடைவெளி விட வேண்டும். எல்லாவற்றையும் விட முக்கியமான விஷயம், நோமேடாக அங்கே இருந்த காலம் நிரந்தரக் குடியிருப்புக்கான கணக்கில் சேராது. அந்த நாட்டுச் சட்டத்திலேயே உள்ள விதி இது. இருவரும் திரையில் அந்தப் பகுதியைப் படித்தோம். அவன் தாளைப் பார்த்தான், திரையைப் பார்த்தான். "அப்ப முதல் படின்னு போட்டிருக்காங்களே, ரெண்டாவது படி எங்கண்ணே?" என்றான்.

அந்தக் கேள்விக்காகத்தான் இதை எழுதுகிறேன். டெல்டாவில் இன்று எத்தனையோ பிள்ளைகள் வீட்டில் உட்கார்ந்து வெளிநாட்டுக்கு வேலை செய்கிறார்கள். கொரோனாவுக்குப் பிறகு ஊருக்குத் திரும்பியவர்களில் பலர் ஊரிலேயே தங்கிவிட்டார்கள். அவர்களைக் குறிவைத்துத்தான் இந்த வியாபாரம் நடக்கிறது. அவர்கள் வீட்டில் நகையை அடகு வைத்துப் பணம் கட்டுவதற்கு முன் ஒரே ஒரு கேள்வியைக் கேட்டுவிட வேண்டும்: இந்த விசாவில் நான் அங்கே இருக்கும் வருஷங்கள், பி.ஆர். கேட்கும்போது கணக்கில் வருமா, வராதா?

எங்கள் பக்கத்து ஆட்களுக்கு இதை விளக்க ஒரு குத்தகைச் சங்கதி போதும். 1969ஆம் ஆண்டுச் சட்டம் வந்தபோது குத்தகைப் பதிவேட்டில் பெயர் ஏற்றிக்கொண்டவனுக்கு நிலத்தின் மேல் ஒரு பிடி இருந்தது. வாய்ப்பேச்சில் உழுதவன் முப்பது வருஷம் உழுதாலும், நாளைக்கு நிலத்தை விடு என்றால் காட்டுவதற்கு அவனிடம் ஒரு தாள் கிடையாது. இரண்டு பேரும் ஒரே வயலில்தான் இறங்கினார்கள், ஒரே மகசூலைத்தான் எடுத்தார்கள். பதிவேட்டில் யார் பெயர் இருந்தது என்பதுதான் வித்தியாசம்.

விசாவிலும் அப்படித்தான். ஒரு நாட்டில் சட்டப்படி தங்கியிருப்பது ஒன்று. அப்படித் தங்கிய காலத்தை அந்த நாடு தன் பதிவேட்டில் வரவு வைப்பது இன்னொன்று. ஐரோப்பிய ஒன்றியத்தில் இதற்குப் பொதுவான ஓர் உத்தரவு இருக்கிறது, 2003ஆம் ஆண்டின் 109ஆம் உத்தரவு. ஒரு நாட்டில் தொடர்ந்து ஐந்து வருஷம் சட்டப்படி வாழ்ந்த வெளிநாட்டவருக்கு நீண்டகாலக் குடியிருப்பாளர் என்ற தகுதியைத் தரச் சொல்கிறது. ஐந்து வருஷம் என்று ஏஜென்ட் சொல்வது இங்கிருந்துதான் வருகிறது. ஆனால் அதே உத்தரவு, தற்காலிகக் காரணத்துக்காக மட்டும் தங்கியிருப்பவர்களையும், குடியிருப்பு அனுமதி முறைப்படி வரம்புக்குட்பட்டதாக இருப்பவர்களையும் விலக்கிவைக்கிறது. நோமேட் அனுமதியை ஒரு நாடு அந்த வேலிக்கு உள்ளே வைத்திருக்கிறதா வெளியே வைத்திருக்கிறதா என்று பார்ப்பதுதான் முதல் வேலை. குரோஷியா வெளியே வைத்துவிட்டது. மால்டாவில் ஒரு வருஷ அனுமதியைப் புதுப்பித்துக்கொண்டே போகலாம், மொத்தம் 4 வருஷம் வரை. ஐந்தாவது வருஷத்தைத் தொட முடியாதபடி அங்கேயே நிறுத்தியிருக்கிறார்கள்.

இன்னொரு மயக்கம், வருஷங்களைக் கூட்டிக்கொள்ளலாம் என்பது. குரோஷியாவில் ஒரு வருஷம், எஸ்டோனியாவில் ஒரு வருஷம், மால்டாவில் மூன்று, ஆக மொத்தம் ஐரோப்பாவில் ஐந்து வருஷம் என்று அந்தத் தாளின் பின்பக்கத்தில் ஒரு படமே போட்டிருந்தார்கள். அப்படிக் கூட்ட முடியாது. ஐந்து வருஷமும் ஒரே நாட்டில் இருந்திருக்க வேண்டும். பல நாட்டில் இருந்த காலத்தைச் சேர்த்துக்கொள்ளும் சலுகை ஐரோப்பிய நீல அட்டை, அதாவது உயர்தகுதி வேலைக்காரர்களுக்கான குடியிருப்பு அனுமதி, வைத்திருப்பவர்களுக்கு உண்டு, அதற்கும் நிபந்தனைகள் இருக்கின்றன. நோமேடுக்கு அது கிடையாது.

ஏன் இப்படிச் செய்தார்கள் என்று அவன் கேட்டான். இந்த விசாக்கள் பிறந்த நேரத்தைப் பார்த்தால் விடை தெரியும். பார்படோஸ் தீவு "வரவேற்பு முத்திரை" என்ற பெயரில் தன் நோமேட் விசாவை 2020 ஜூலையில் அறிவித்தது. 12 மாதம் தங்கலாம், வருஷ வருமானம் 50,000 டாலர் இருக்க வேண்டும். எஸ்டோனியா அதே வருஷம் ஆகஸ்டில் தன் நோமேட் விசாவைத் தொடங்கியது. உலகமே கதவைச் சாத்தியிருந்த காலம். சுற்றுலாவை நம்பிய ஊர்களில் விடுதிகள் காலி, கடைகள் காலி. இரண்டு வாரம் வரும் சுற்றுலாப் பயணி வரவில்லை என்றால், பன்னிரண்டு மாதம் தங்கி வாடகையும் சாப்பாட்டுச் செலவும் செய்கிற ஒருவர் வரட்டும் என்ற யோசனைதான் இது. அந்த ஊர் வேலையை அவர் எடுத்துக்கொள்ளக் கூடாது, அந்த ஊர் அரசாங்கத்திடம் உதவி கேட்கக் கூடாது, காலம் முடிந்தால் கிளம்பிவிட வேண்டும். இந்த நோக்கத்தோடு எழுதிய சட்டத்தில் குடியேற்றத்தைத் தேடினால் எப்படிக் கிடைக்கும்? அந்த நாடுகள் மேல் எனக்கு வருத்தம் இல்லை. என்ன தருகிறோம் என்பதைத் தெளிவாகவே எழுதிவைத்திருக்கிறார்கள். அதை வேறொன்றாக மாற்றிச் சொல்லிக் காசு வாங்குகிறவர்கள் மேல்தான் கோபம்.

இந்த மண்ணுக்கு இது தெரியாத பாடமும் இல்லை. என் தாத்தாவின் அண்ணன் நாகப்பட்டினத்தில் ரஜூலா கப்பல் ஏறிப் பினாங்குக்குப் போனவர். பேராக்கில் ரப்பர் தோட்டத்தில் பால்மரம் சீவினார். 1957இல் மலாயா சுதந்திரம் அடைந்தபோது குடியுரிமைக்கு எழுதிக் கொடுத்தவர்கள் உண்டு, எழுதிக் கொடுக்காதவர்களும் உண்டு. பெரிய தாத்தா எழுதிக் கொடுக்கவில்லை. எப்படியும் ஊருக்குத் திரும்பப் போகிறோம் என்ற நினைப்பு. குடியுரிமை இல்லாத நிரந்தரவாசிக்குச் சிவப்பு அடையாள அட்டை, அதுதான் அவரிடம் இருந்தது. 1968இல் குடிமக்கள் அல்லாதவர்கள் வேலை செய்ய அனுமதிச் சீட்டு வாங்க வேண்டும் என்று சட்டம் வந்தது. அதில்தான் அவர் மாதிரி ஆயிரக்கணக்கானவர்கள் பெட்டியைக் கட்டினார்கள். அத்தனை வருஷம் அந்த நாட்டு மரத்தில் பால் எடுத்தவருக்கு, அந்த வருஷங்களை எங்கும் வரவு வைக்க முடியவில்லை. வீட்டில் அவர் பெட்டி இன்னும் இருக்கிறது. தகரப் பெட்டி, மூடியின் உட்புறம் ஈப்போ கடை ஒன்றின் முத்திரை.

காரைக்காலில் நடந்தது இதற்கு நேர் எதிர். பிரெஞ்சுப் பகுதிகள் 1962 ஆகஸ்ட் 16 அன்று சட்டப்படி இந்தியாவோடு சேர்ந்தன. பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொள்ள விரும்புகிறவர்கள் ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடுக்கலாம் என்றார்கள். அந்த ஆறு மாதத்தில் கையெழுத்துப் போட்டவர்களின் பேரப்பிள்ளைகள் இன்றும் பாரீசுக்கு உரிமையோடு போய்வருகிறார்கள். பாரீசையே பார்க்காதவர்கள்கூடக் கையெழுத்துப் போட்டிருப்பார்கள். ஒரு பக்கம் முப்பது வருஷ உழைப்பு, இன்னொரு பக்கம் ஒரு தாளில் ஒரு கையெழுத்து. நாகப்பட்டினத்துக்கும் காரைக்காலுக்கும் இடையே பஸ்ஸில் அரை மணி, முக்கால் மணி நேரம்தான்.

வளைகுடாவைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். கூத்தாநல்லூர், முத்துப்பேட்டை, அதிராம்பட்டினம் பக்கம் எந்தத் தெருவில் கேட்டாலும் இருபது முப்பது வருஷம் குவைத்திலோ சவூதியிலோ இருந்தவர்கள் இருப்பார்கள். வேலை இருக்கும்வரை இகாமா என்ற குடியிருப்பு அனுமதி புதுப்பிக்கப்படும், வேலை போனால் விசா கேன்சல், டிக்கெட். ஆனால் அங்கே போன யாரையும் நிரந்தரமாகத் தங்கலாம் என்று சொல்லி யாரும் ஏமாற்றவில்லை. சம்பாதிக்கப் போகிறோம், திரும்பி வந்து வீடு கட்டுவோம் என்று தெரிந்தே போனார்கள். நோமேட் விசாவை அந்த மாதிரி நேர்மையாக விற்றால் எனக்கு ஒரு குறையும் இல்லை.

சரி, கணக்கில் வரும் நாடுகளே இல்லையா? இருக்கின்றன. முக்கியமாக ஸ்பெயினும் போர்த்துகலும். இரண்டையும் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும், ஏனென்றால் ஏஜென்ட் சொல்வதில் பாதி உண்மை இங்கேதான் இருக்கிறது.

ஸ்பெயின் 2022 டிசம்பரில் கொண்டுவந்த ஸ்டார்ட்அப் சட்டத்தில் இது இருக்கிறது. அங்கே தருவது சரியான குடியிருப்பு அனுமதி. மூன்று வருஷம் வரை தருவார்கள், அப்புறம் நீட்டிக்கலாம். ஐந்து வருஷம் முடிந்தால் நீண்டகாலக் குடியிருப்புக்கு விண்ணப்பிக்கலாம். நிபந்தனைகள் லேசானவை அல்ல. அந்த நாட்டுக் குறைந்தபட்ச ஊதியத்தின் இரண்டு மடங்கு வருமானம் காட்ட வேண்டும். 2025 கணக்கில் அது மாதம் சுமார் 2,760 யூரோ. யூரோ நூறு ரூபாய் என்று வைத்துக்கொண்டால் மாதம் 2 லட்சத்து 76 ஆயிரம். மனைவிக்கும் பிள்ளைக்கும் மேற்கொண்டு காட்ட வேண்டும். பட்டப்படிப்போ மூன்று வருஷ அனுபவமோ வேண்டும். வேலை தரும் நிறுவனம் குறைந்தது ஒரு வருஷமாக நடந்துகொண்டிருக்க வேண்டும், அதோடு உங்களுக்கு மூன்று மாதத் தொடர்பாவது இருக்க வேண்டும். சுயமாகத் தொழில் செய்கிறவர் என்றால் ஸ்பெயின் நாட்டு வாடிக்கையாளரிடமிருந்து வரும் பங்கு 20 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. சமூகப் பாதுகாப்புச் சந்தா யார் கட்டுவது என்பதற்கும் தாள் கேட்பார்கள். இந்திய நிறுவனத்தில் மாதச் சம்பளத்துக்கு இருப்பவர்கள் பெரும்பாலும் இங்கேதான் முட்டிக்கொண்டு நிற்கிறார்கள்.

குடியுரிமைக்கு அங்கே 10 வருஷம். லத்தீன் அமெரிக்கர்களுக்கும் பிலிப்பைன்ஸ்காரர்களுக்கும் 2 வருஷம். யூடியூபில் "ரெண்டே வருஷத்துல ஸ்பெயின் பாஸ்போர்ட்" என்று வருவது அவர்களுக்கான சங்கதி. நமக்குப் பத்துதான்.

போர்த்துகல் டி8 என்ற தன் நோமேட் விசாவை 2022 அக்டோபரில் தொடங்கியது. குறைந்தபட்ச ஊதியத்தின் நான்கு மடங்கு வருமானம், 2025இல் மாதம் 3,480 யூரோ. இதிலேயே இரண்டு வகை உண்டு. ஒன்று தற்காலிகமாகத் தங்குவதற்கு, இன்னொன்று குடியிருப்பு அனுமதிக்குப் போவதற்கு. விண்ணப்பத்திலேயே எது என்று குறிக்க வேண்டும். ஏஜென்ட் எதைக் குறித்தார் என்று பார்க்காமல் கையெழுத்துப் போடக் கூடாது, அந்த ஒரு கட்டத்தில்தான் ஐந்து வருஷமும் தொங்குகிறது. குடியிருப்பு வகையில் போனால் முதலில் இரண்டு வருஷ அட்டை, பிறகு மூன்று வருஷம். ஐந்து முடிந்தால், அடிப்படைப் போர்த்துகீசிய மொழி தெரிந்தால், நிரந்தரக் குடியிருப்பு கேட்கலாம்.

ஆனால் அங்கேயும் தரை ஆடுகிறது. பழைய குடிவரவுத் துறையைக் கலைத்து 2023 அக்டோபரில் புதிய முகமை தொடங்கியபோதே சுமார் 4 லட்சம் கோப்புகள் தேங்கிக் கிடந்தன. அட்டைக்காகக் காத்திருக்கும் மாதங்கள் வாழ்க்கையிலிருந்து போகின்றன. குடியுரிமைக்கு ஐந்து வருஷம் என்று நம்பிப் போனவர்கள் இருக்கும்போதே, 2025 அக்டோபரில் நாடாளுமன்றம் அதைப் பெரும்பாலான நாட்டவருக்கு 10 வருஷமாக்க வாக்களித்தது. எந்தத் தேதியிலிருந்து எண்ணுவது என்பதையும் மாற்றப் பார்த்தார்கள். டிசம்பரில் அரசியலமைப்பு நீதிமன்றம் அந்தச் சட்டத்தின் சில பிரிவுகள் செல்லாது என்றது. முடிவு எப்படிப் போனாலும் காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்பது தெரிகிறது. ஐந்து வருஷத்துக்கு முன்னால் படித்த விதியை நம்பி ஐந்து வருஷம் கழித்துக் கதவைத் தட்டுகிறோம். நடுவில் தேர்தல்கள் வருகின்றன, அரசுகள் மாறுகின்றன. நாம் அங்கே வாக்காளர்கூடக் கிடையாது.

எல்லா நிபந்தனையும் சரியாக இருந்தாலும் இன்னொன்று இருக்கிறது. எந்த ஏஜென்ட்டும் சொல்லாத விஷயம் இது. எனக்கு இதுதான் எல்லாவற்றையும் விடக் கனமானது. ஐந்து வருஷம் தொடர்ந்து வாழ்ந்தது என்று எண்ண, வெளியே இருந்த நாட்களுக்கு வரம்பு உண்டு. நான் சொன்ன அந்த உத்தரவுப்படி ஒரே மூச்சில் ஆறு மாதம் வெளியே இருக்கக் கூடாது, ஐந்து வருஷத்தில் மொத்தம் பத்து மாதத்தைத் தாண்டவும் கூடாது.

பத்து மாதம் நிறைய மாதிரி தோன்றும். என் வீட்டில் தினசரிக் காலண்டரில் கிழித்த தாள்கள் ஒரு கட்டு இருந்தது. அதன் பின்பக்கத்தில் அவனையே கணக்குப் போடச் சொன்னேன். பத்து மாதம் முந்நூறு நாள், வருஷத்துக்கு அறுபது. பொங்கலுக்கு வந்தால் சம்பா அறுவடை முடியும்வரை இருப்பான், அப்பா தனியாக எந்திரத்துக்காரனோடும் கொள்முதல் நிலையத்தோடும் மல்லுக்கட்ட முடியாது. அதற்கே முப்பது நாள் எழுதினான். தங்கை கல்யாணத்துக்கு நாற்பது. ஆடிக்கு ஒரு நடை. சின்னம்மாவுக்கு முழங்கால் ஆபரேஷன் தள்ளிக்கொண்டே போகிறது, அதற்கு இரண்டு மாதம். அப்புறம் பேனாவை வைத்துவிட்டுச் சும்மா இருந்தான். அப்பத்தாவுக்கு எண்பது தாண்டிவிட்டது. பதினாறாம் நாள் காரியம் முடியாமல் எந்தப் பேரன் விமானம் ஏறுவான்? அதை அவன் தாளில் எழுதவில்லை, நானும் எழுதச் சொல்லவில்லை.

லேப்டாப்பை எடுத்துக்கொண்டு எங்கிருந்தும் வேலை செய்யலாம் என்பதுதான் இந்த வாழ்க்கையின் அழகே. பி.ஆர். வேண்டுமென்றால் அந்த அழகை விட்டுவிட்டு ஐந்து வருஷம் ஓரிடத்தில் உட்கார வேண்டும். பக்கத்து நாட்டில் இருந்த நாளும் வெளியே இருந்த நாளாகத்தான் எண்ணப்படும். இரண்டையும் ஒரே விசாவில் எதிர்பார்ப்பது நடக்காது. அப்படி வாங்கிய நீண்டகாலக் குடியிருப்பும் கல்லில் வெட்டியது இல்லை, தொடர்ந்து 12 மாதம் ஒன்றியத்துக்கு வெளியே இருந்தால் அதை இழக்க நேரிடும்.

கிழக்குப் பக்கம் கதை சுருக்கம். மலேசியாவின் நோமேட் அனுமதியான டிஇ ராந்தாவ் 2022இல் வந்தது. மூன்று மாதத்திலிருந்து 12 மாதம் வரை, அதற்கு மேல் இன்னொரு 12 மாதம். தகவல் தொழில்நுட்பக்காரர்களுக்கு வருஷம் 24,000 டாலர் வருமானம் போதும். நம் சாப்பாடு, நம் கோயில், நம் பேச்சு எல்லாம் கிடைக்கும் ஊர், ஒரு வருஷம் இருந்துவிட்டு வர அதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியவில்லை. ஆனால் பி.ஆருக்கும் அதற்கும் சம்பந்தம் கிடையாது. தாய்லாந்து 2024 ஜூலையில் தொடங்கிய டிடிவி என்ற விசா ஐந்து வருஷம் செல்லும், ஒவ்வொரு முறை நுழையும்போதும் 180 நாள், வங்கியில் 5 லட்சம் பாட் காட்ட வேண்டும். "ஐந்து வருஷம்" என்ற சொல்லைப் பார்த்தே பலர் பி.ஆர். என்று நினைத்துக்கொள்கிறார்கள். அது வந்துபோகும் விசாதான். தாய்லாந்தின் நிரந்தரக் குடியிருப்பு தனிப் பாதை, ஒரு நாட்டவருக்கு வருஷத்துக்கு 100 பேர் என்ற வரம்போடு. துபாயின் தொலைநிலை வேலைத் திட்டம் ஒரு வருஷம், மறுபடி விண்ணப்பிக்கலாம், அவ்வளவுதான்.

இன்னும் இரண்டு விஷயம் அந்தத் தாளில் இருந்தது, விடக் கூடாது. ஐஸ்லாந்தின் 180 நாள் விசாவையும் பட்டியலில் போட்டிருந்தார்கள். அது விசா இல்லாமலேயே ஷெங்கன் பகுதிக்குள் வர முடிகிற நாட்டவருக்கு மட்டும். இந்தியப் பாஸ்போர்ட்டுக்கு விண்ணப்பிக்கவே வழியில்லை. அப்புறம் எஸ்டோனியாவின் இ-ரெசிடென்சி, 2014 முதல் இருக்கிறது. அதை "எஸ்டோனியாக் குடியுரிமை அட்டை" என்று போட்டிருந்தார்கள். அது இணையத்தில் கம்பெனி தொடங்கவும் கையெழுத்துப் போடவும் உதவும் மின் அடையாளம். அதை வைத்துக்கொண்டு அந்த நாட்டுக்குள் நுழையக்கூட முடியாது. இந்த ஒரு வரியிலேயே அந்த அலுவலகத்தின் யோக்கியதை தெரிந்துவிட்டது.

சின்னம்மா வேறொன்று கேட்டார். "அவன் அங்கேயே தங்கிட்டா நெலம் என்ன ஆகும்பா?" அவர்களுக்கு நஞ்சை ஒன்பது மா. டெல்டாவில் பிள்ளையை அனுப்பும் எந்த வீட்டிலும் இந்தக் கேள்வி உண்டு, சிலர் வாய்விட்டுக் கேட்பார்கள், சிலர் கேட்க மாட்டார்கள். பி.ஆர். மட்டும் என்றால் அவன் இந்தியக் குடிமகன்தான், பாஸ்போர்ட் அப்படியே இருக்கும். இருக்கிற நிலத்தை வைத்துக்கொள்ளலாம், அப்பா காலத்துக்குப் பிறகு வாரிசாக வருவதும் வரும். ஆனால் வெளிநாட்டுவாழ் இந்தியர் என்ற நிலையில் புதிதாக விவசாய நிலம் வாங்க முடியாது, அந்நியச் செலாவணிச் சட்டம் தடுக்கிறது. வேறு நாட்டுக் குடியுரிமை எடுத்தால் இந்தியக் குடியுரிமை போய்விடும், நம் சட்டத்தில் இரட்டைக் குடியுரிமை கிடையாது. வேறு நாட்டுக் குடிமக்களான இந்திய வம்சாவளியினருக்கு இந்திய அரசு தரும் ஓசிஐ அட்டையை வாங்கலாம். அப்போதும் நிலம் வாரிசு வழியில் வரலாம், விற்கும்போது இங்கே வசிக்கும் இந்தியருக்குத்தான் விற்க முடியும். பக்கத்து வயல் விலைக்கு வந்தால் தம்பி பெயரிலோ தங்கை பெயரிலோதான் வாங்க வேண்டும். சின்னம்மா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அப்ப இருக்கறது போகாது, புதுசு வராது" என்றார். அதுதான் சட்டம்.

போகவே கூடாது என்று நான் சொல்லவில்லை. கையில் வருமானம் இருந்து, ஒரு வருஷம் வேறொரு நாட்டில் வாழ்ந்து பார்க்க வேண்டும் என்ற ஆசை இருந்தால் இந்த விசாக்கள் அருமையானவை. இருபத்தைந்து முப்பது வயதில் அப்படி ஒரு வருஷம் கிடைப்பது நம் அப்பாக்களுக்கு வாய்க்காத ஒன்று. குடியேறுவதுதான் நோக்கம் என்றால் குடியேற்றத்துக்கென்றே எழுதிய பாதைகளில் போக வேண்டும். அவனிடம் இருக்கும் இதே படிப்பையும் அனுபவத்தையும் வைத்து ஒரு ஜெர்மன் நிறுவனத்தில் வேலை வாங்கினால் நீல அட்டை கிடைக்கும். ஜெர்மன் மொழி பி1 என்ற இடைநிலை அளவுக்குத் தெரிந்தால் 21 மாதத்தில், ஏ1 என்ற ஆரம்ப அளவு என்றால் 27 மாதத்தில் நிரந்தரக் குடியிருப்புக்கு விண்ணப்பிக்கலாம். தகவல் தொழில்நுட்பம் போன்ற ஆள் தட்டுப்பாடு உள்ள துறைகளுக்கு 2025இல் ஆண்டுச் சம்பளம் 43,759.80 யூரோ இருந்தால் போதுமானதாக இருந்தது. வேலை வாங்குவது கஷ்டம், மொழி படிப்பது கஷ்டம், மறுக்கவில்லை. ஆனால் அங்கே இருக்கும் ஒவ்வொரு மாதமும் அவன் பெயரில் வரவாகும்.

அவன் அந்த அலுவலகத்துக்குத் திரும்பப் போனான். இரண்டே கேள்வி எழுதிக்கொண்டு போயிருந்தான்: இந்த அனுமதிக் காலம் நிரந்தரக் குடியிருப்புக்கு எண்ணப்படுமா? எண்ணப்படும் என்றால் எந்தச் சட்டப் பிரிவு? பதிலை லெட்டர்பேடில் எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தரச் சொல்லிக் கேட்டான். "அதெல்லாம் எழுத்துல தர்றதில்ல தம்பி, நம்பிக்கைதான்" என்றார்களாம். பணம் கட்டாமல் வந்துவிட்டான்.

இப்போது வாரக் கடைசியில் தஞ்சாவூருக்கு ஜெர்மன் வகுப்புக்குப் போகிறான். குரோஷியா ஆசையும் விடவில்லை, ஒரு வருஷம் போய்வர வேண்டும் என்கிறான். போகட்டும், அந்த விண்ணப்பத்தைத் தானே இணையத்தில் போடலாம், மூன்றரை லட்சம் தேவையில்லை. உங்கள் வீட்டுக்கும் இதே மாதிரி ஒரு தாள் வந்திருந்தால் முன்பணம் கட்டுவதற்கு முன் அந்தந்த நாட்டின் குடிவரவுத் துறைப் பக்கத்தைத் திறந்து பாருங்கள், பெரும்பாலும் ஆங்கிலத்திலேயே இருக்கும். புரியாத இடம் இருந்தால் எனக்கு எழுதுங்கள், சேர்ந்து படித்துப் பார்ப்போம்.